மிளகளவு மெழுகு

சத்தியம், சத்தியம், சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்லெல்லாம் இப்போதே கொட்டிப்போகட்டும். முன்பே கொட்டியவற்றைச் சேர்க்க வேண்டாம்.

முன்னொரு காலத்தில், நாகப்பட்டினக் கடலோரம் புத்த விகாரம் இருந்த நாளில், நக்கன் என்றொரு சிற்பி இருந்தான். விகாரத்துக்கு வெண்கலப் புத்தர் வார்க்க வேண்டும். அதற்கு முதலில் தேன்மெழுகில் உருவம் செய்தான். ஆறு மாத வேலை. மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்த மெழுகைக் கண்ட மாலுமிகள், கரையேறிய ஈரம் காயுமுன்னே விழுந்து கும்பிட்டார்கள்.

நாலு கும்பிடு விழுந்ததும் மெழுகுக்குத் தலை கிறுகிறுத்தது. "சந்தேகமே இல்லை, நான்தான் புத்தர்" என்று முடிவு கட்டிவிட்டது.

ஒருநாள் நக்கனின் மனைவி சாத்தி, புற்றுமண்ணைக் குழைத்து வந்து அதன் முகத்தில் அப்பினாள்.

"ஏய் மண்ணே, யார் மேல் ஏறுகிறாய் தெரியுமா?" என்றது மெழுகு.

"தெரியும். தேனீ கக்கியது" என்றது மண். "கோபப்படாதே. மூன்று நாள் என் வயிற்றில் இருப்பாய். பிறகு சூடு காட்டுவார்கள். நீ உருகி, அடியிலிருக்கும் துளை வழியே போய்விட வேண்டும். உன் இடத்துக்கு வெண்கலம் வரும்."

மெழுகு நடுங்கிப் போயிற்று. "நான் போய்விட்டால் புத்தர் எங்கே இருப்பார்?"

"போய்ப் பார்த்தால்தானே தெரியும்!"

நாலாம் நாள் வறட்டி மூட்டினார்கள். தோள் உருகியது, மடி உருகியது. "பார்த்தாயா மண்ணே! என்னைப்போல் தன்னையே விட்டுக்கொடுத்தவர் உலகில் உண்டா?" என்று கேட்டபடியே மெழுகு ஒழுகியது. அப்படிக் கேட்பதற்கென்றே மிளகளவு மட்டும், புத்தர் தலையுச்சியில் நக்கன் வடித்திருந்த சுடர் வடிவின் நுனியில் ஒட்டிக்கொண்டது.

வெளியே நக்கன், ஒழுகிய மெழுகைத் தராசில் வைத்தான். மெழுகின் எடைக்கு எட்டு மடங்கு வெண்கலம் என்பது அவன் தொழிலின் அளவு. அதனால் மண் பூசுமுன்பே எடை பார்த்திருந்தான்.

"சாத்தி, ஒரு மிளகு எடை குறைகிறதே."

"ஒரு மிளகுதானே! ஊற்றிவிட்டு வாருங்கள், கஞ்சி ஆறுகிறது."

"உள்ளே மெழுகு மிச்சமிருக்க ஊற்றினால் மண் அச்சு வெடிக்கும். வெண்கலக் குழம்பு நம் இரண்டு பேர் முகத்தில்தான் தெறிக்கும். அப்புறம் கஞ்சியை எந்த வாயால் குடிப்பாய்?"

சாத்தி இன்னும் நாலு வறட்டியைச் செருகினாள்.

நெருப்பு மண்ணுக்குள் நுழைந்தது. "இன்னும் யார் உள்ளே?"

"நான். புத்தரைக் காவல் காக்கிறேன்."

நெருப்பு சிரிக்கவில்லை. "கொஞ்சம் கீழே பார்" என்றது.

மெழுகு பார்த்தது. தான் விட்டுப் போன இடமெல்லாம் வெறுமை. அந்த வெறுமையில் தோள் இருந்தது. மடி இருந்தது. மடியில் விரல்கள் ஓய்ந்திருந்தன. பாதி மூடிய இமை, உதட்டோரத்துச் சின்ன நெளிவு, எதுவும் தப்பவில்லை. தொடுவதற்கு ஒன்றுமில்லை; ஆனாலும் மெழுகாக இருந்தபோது ஒருநாளும் இல்லாத அமைதியோடு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கடலே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

புத்தர் முழுவதும் இருந்தார். தான் ஒட்டிக்கொண்டிருந்த மிளகளவு இடத்தில் மட்டும் இல்லை.

"அடடா!" என்றது மெழுகு.

சொட்டென்று ஓர் ஓசை. விழுந்தது யார் என்று கேட்க உள்ளே யாரும் இருக்கவில்லை.

தராசு நேராக நின்றது. வெண்கலத்தை ஊற்றினார்கள்; அச்சு முனகக்கூட இல்லை. ஆறியபின் மண்ணை உடைத்தால், உள்ளே புத்தர்! நக்கன் தன் கையையே நம்பாமல் பார்த்தான். கஞ்சியை மறந்து சாத்தி கைகூப்பினாள். மாலுமிகள் மறுபடி விழுந்து கும்பிட்டார்கள். மூலைச் சட்டியில் உருவமில்லாமல் கிடந்த மெழுகு, அதில் ஒரு கும்பிடுகூடத் தன்னுடையதென்று கேட்கவில்லை.

ஆனால் நாலாவது கும்பிடு விழுந்ததும், வெண்கலத்தின் உள்ளே ஏதோ மெல்ல முணுமுணுத்ததாம்: "சந்தேகமே இல்லை, நான்தான்..."

இதை நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. அது இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறது. புத்தருக்குக் காது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.