சோதனை மேசையின் கால்

தூத்துக்குடித் துறைமுகத்தில் நீலமேகம் என்றொரு தரச்சான்று அதிகாரி இருந்தார். வெளிநாட்டு மரம் என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். அன்று மரவாடிக்கு வந்திறங்கிய பைன் உத்தரங்களில் சூடு போட்டுப் பதித்திருந்த வெளிநாட்டுத் தரச்சான்று வட்ட முத்திரையைப் பார்த்தார்.

"அவன் ஊர்ல பலமா இருந்தா போதுமா? இந்த முத்திரை இங்க செல்லாது. வந்த கப்பல்லயே திருப்பி அனுப்பு."

அந்த மரத்தை நம்பி நாற்பது பேர் வேலையில் இருந்தார்கள். அத்தனை பேரும் கெஞ்சினார்கள்.

"சரி, இதே முத்திரை போட்ட கட்டை இந்த ஊர்ல பத்து வருஷம் பாரம் தாங்கியிருந்தா காட்டுங்க. உடனே கையெழுத்துப் போடுறேன்" என்று சிரித்தார் அதிகாரி.

அவருடைய அலுவலகத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருந்த செசிலி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனாள். மரங்களைச் சோதிக்கும் மேசையின் காலை உப்புத்தாளால் தேய்த்தாள். பெயிண்டுக்கு அடியில் அதே வட்ட முத்திரை.

"போன வாரம் பழைய பெயிண்டைச் சுரண்டி முதல் கோட் அடிக்கும்போது பாத்தேன் சார். பத்து வருஷமா இதுமேலதான் தினமும் ரெண்டு டன் இரும்பை ஏத்துறீங்க."

"இந்தக் கால் செல்லாது. கழட்டி எறியுங்க."

"எறிஞ்சிடலாம் சார். இதுல சோதிச்சு நீங்க குடுத்த சான்றெல்லாம் செல்லுமா?"

அதிகாரி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். நாலைந்து பேர் தங்கள் பேனாவை நீட்டினார்கள்.

அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் செசிலி பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

"இந்த இடத்துல மட்டும் பெயிண்ட் அடிக்காம விட்டுடுறேன் சார். அடுத்த கப்பலும் வரும்ல."