குளிரோடைக்கு வருகிறவர்கள்

"இனிமே என்னால ஆகாதும்மா," என்றார் சின்னய்யா.

நனைந்த சாக்கைக் குடிசை வாசலில் போட்டார். ஷாம்பு கவர்கள், தண்ணீர் பாட்டில்கள், ஓடையில் குளித்தவர்கள் விட்டுப்போன வேட்டி, புடவைகள். கண்ணாடிச் சில்லு கிழித்த பாதத்தில் துணி சுற்றியிருந்தது.

மரகதம்மா அந்தக் கட்டை அவிழ்த்தார். வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினார்.

மலையில் குளிரோடைக் கரையில் தனியாக இருந்தவர் அவர். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வந்து முதலில் அவரிடம் சீடராகச் சேர்ந்தவர் சின்னய்யா. அப்போது ஒற்றையடிப் பாதைதான். பிறகு மரகதம்மா பேசுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். தார் ரோடு வந்தது. வேன் நிறுத்த மரங்களை வெட்டினார்கள். ஓட்டல்கள் வந்தன. அவற்றின் கழிவுக் குழாய்கள் ஓடையில் இறங்கின.

"வாராவாரம் அள்ளுறேன். மறுவாரம் அதைவிடக் கூடக் கிடக்கு. கீழ ஊர்ல ஆடுகூட இந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிடுதாம். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. நேத்து ஒரு பொம்பள ஏறி வந்து திட்டிட்டுப் போச்சு."

"என்ன சொன்னா?"

"'அம்மா இருக்கிற இடத்துலருந்து வர்ற தண்ணியாய்யா இது'ன்னு கேட்டா."

அம்மா காயத்தைத் துணியால் ஒற்றினார்.

"போர்டு வச்சோம். கெஞ்சிப் பாத்தோம். வேற என்னதான் செய்யிறது?"

"இவங்க எதுக்கு இங்க வர்றாங்க, சின்னய்யா?"

"குளிக்க."

"குளிக்க வேற ஓடையே இல்லையா?"

சின்னய்யா சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

"சொல்லுங்க."

"உங்களைப் பாக்க."

அம்மா புதுத் துணி கிழித்துக் காயத்தைக் கட்டி முடித்தார். உள்ளே போனார். மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ரோட்டைப் பார்த்து நடந்தார்.

சின்னய்யா நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

"எங்கம்மா போறீங்க?"

"அக்கா மக திருச்சியில இருக்கா. வந்து எங்களோட இருன்னு ரொம்ப நாளா கூப்பிடுறா."

"அங்கயும் தேடி வருவாங்களே."

"மாடி வீட்டுல துணி மடிச்சுட்டு இருக்கிறவளைப் பாக்க யாரு வரப்போறா?"

பஸ் நிற்கும் இடத்தில் அம்மா நின்றார். சின்னய்யா எதிரில் வந்து நின்றார்.

"அலுப்புல பேசிட்டேன். போகாதீங்கம்மா. நீங்க இருங்க, குப்பையை நான் அள்ளிக்கிறேன். சாகுறவரைக்கும் அள்ளுறேன்."

"காலையில ஓட்டல்காரர் வந்திருந்தார்," என்றார் அம்மா. "'நீங்க மட்டும் இருங்கம்மா, குப்பையை நாங்க பாத்துக்கிறோம்'னு சொல்லிட்டுப் போனார்."

வளைவில் பஸ் திரும்பியது. உள்ளே குளித்துவிட்டு மலை இறங்குகிறவர்கள் கூட்டம். ஜன்னல் கம்பியெல்லாம் ஈரத்துண்டுகள். டிரைவர் நிறுத்தாமல் போகப் பார்த்தார்.

சின்னய்யா நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினார்.