எதற்கும் ஆகாத சுவிட்ச்

"நடுச்சுவரை எந்த நாளில் இடிக்கலாம், சாமி?"

உலகநாதன் கேட்டார். கையில் புதுப் பஞ்சாங்கம். சித்திரையில் வாங்கியது, அட்டை இன்னும் மடங்கவில்லை.

மலையடிவாரத்து மடத்தில் குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உலகநாதனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இங்கே வருவதற்கு முன் வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர்.

"எந்தச் சுவர், அண்ணாச்சி?"

"எங்க அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல உள்ளது. பாகம் பிரிச்சப்போ நான்தான் நின்னு கட்டுனேன். பதினேழு வருஷம் ஆச்சு."

"அண்ணன் என்ன சொல்றார்?"

"மாசியில போயிட்டாரு, சாமி."

குரு ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டார்.

"மதினி வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்கு, மக வீட்டோட போறாங்க. அந்தப் பாகத்தையும் எனக்கே விட்டுட்டாங்க. வீட்டை மறுபடி ஒண்ணாக்கணும். பதினேழு வருஷமா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அது நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு. சுவர் போனா அதுவும் போயிரும்னு பாக்கேன்."

"கொத்தனார் வந்தாரா?"

"வந்தான். சுவருக்குள்ள வயர் எங்க ஓடுதுன்னு கேக்கான். தெரியாம உளி வச்சா ஆளே காலியாம்."

"எங்க ஓடுது?"

"யாருக்குத் தெரியும்? ஒரே வீடா இருந்தப்போ அண்ணன்தான் கூட நின்னு போட வச்சாரு."

குரு கொஞ்ச நேரம் அரிசியைத் துழாவினார்.

"உங்க பக்கத்துல எதுக்கும் ஆகாத சுவிட்ச் ஏதாவது இருக்கா?"

உலகநாதன் சிரித்துவிட்டார்.

"அது இல்லாத வீடு ஏது, சாமி? அடுக்களையில மூணாவது சுவிட்ச். சுவர் வச்ச புதுசுல ஒரு தடவை போட்டுப் பாத்தோம், ஒண்ணும் எரியலை, ஓடலை. எங்க வீட்டுக்காரி அதுக்கு என் பேரை வச்சிருக்கா."

"அதைப் போட்டுட்டு, அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

"மதினிகிட்டயும் பேச்சு இல்லையே."

"வயரைப் பத்தித்தானே கேக்கச் சொல்றேன்."

•

அன்று சாயங்காலம் உலகநாதன் அடுக்களையில் மூன்றாவது சுவிட்சைப் போட்டார். இந்தப் பக்கம் ஒன்றும் எரியவில்லை.

தெருவில் இறங்கினார். இருபது அடிகூட இல்லை. அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். காரியத்தன்றும் இங்கேதான் நின்றார். உள்ளே போகவில்லை.

"மதினி."

உள்ளே பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் நின்றது.

"யாரு, தம்பியா?"

"சுவருக்குள்ள வயர் எங்க ஓடுதுன்னு..."

மதினி பின்பக்கம் நடந்தார். உலகநாதனும் பின்னால் போனார்.

கொல்லைக்கு இறங்க மூன்று படிகள். படிகளுக்கு மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மதினி பல்பைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தான் போடத் தோணுச்சா, தம்பி?"

•

சனிக்கிழமை உலகநாதன் மறுபடியும் மடத்துக்கு வந்தார். பல்பு எரிந்ததைச் சொன்னார்.

"படி இறங்க இவ்வளவு நாளும் என்ன செஞ்சாங்களாம்?" குரு கேட்டார்.

"டார்ச். இப்பவும் ஆணியில தொங்குது."

"ம்."

"அந்த டார்ச் எனக்குத் தெரியும், சாமி. சாயங்காலமானா எங்க கொல்லைக் கொய்யா மரத்துல வெளிச்சம் விழும். வேவு பாக்காருன்னு நினைச்சேன். ஒரு நாள் முக்காலி போட்டு ஏறி, சுவருக்கு மேல தலையை நீட்டிக் கத்துனேன். 'என் வீட்டுல என்னத்தைத் தேடுதீரு?'"

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. மறுநாள்லேர்ந்து வெளிச்சம் தரையை விட்டு மேல வரலை. நான் ஜெயிச்சுட்டேன்னு வீட்டுல பாயசம் வைக்கச் சொன்னேன்."

மடத்து நாய் வந்து குருவின் காலடியில் படுத்தது.

"வேற வயர் இழுத்திருக்கலாமே?"

"மதினி ஆளைக் கூட்டிட்டே வந்துட்டாங்களாம். அண்ணன் திருப்பி அனுப்பிட்டாராம். 'சுவிட்ச் அவன் அடுக்களையில இருக்கு, என்னைக்காவது போடுவான்'னு சொன்னாராம்."

உலகநாதன் துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

"பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பல்பைக் கழத்தித் துடைச்சு மாட்டுவாராம், சாமி. எரியாத பல்பை."

குரு நாயின் தலையைத் தடவினார்.

"சுவத்தை ஒரு தட்டு தட்டியிருந்தா என்ன? 'ஏலே, அந்தச் சுவிட்சைப் போடு'ன்னு ஒரு வார்த்தை. போட்டிருக்க மாட்டேனா?"

"போட்டிருப்பீங்களா?"

உலகநாதன் துண்டை மடித்தார். பிரித்தார்.

வெயில் படியிலிருந்து இறங்கி முற்றத்துக்குப் போயிருந்தது.

"அணைச்சாச்சா?" என்றார் குரு.

"இல்லை. மதினி நேத்தே போயிட்டாங்க. அந்தப் பக்கம் யாரும் இல்லை. பகல்லயும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. அணைக்கக் கை போகலை."

குரு தலையாட்டினார்.

"கொத்தனார் எப்பக் கூப்பிட்டாலும் வாரேங்கான். நாள் மட்டும் பார்த்துச் சொல்லுங்க, சாமி. நல்ல நாளா இருக்கணும்." பஞ்சாங்கத்தை நீட்டினார்.

குரு அதை வாங்கினார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கம். மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"போன வருஷத்துது இருக்கா?"

"பழைய பஞ்சாங்கமா? அது எதுக்கு, சாமி?"

"அதுல நல்ல நாள் நிறைய இருந்துச்சு."