முறுக்குக்காரர் பல்செட்டு

ஒரு ஊர்ல ஒரு பல்செட்டு இருந்துச்சாம். பல்செட்டு தனியாவா இருக்கும்? ஆண்டியப்பன்னு ஒரு முறுக்குக்காரர் வாய்க்குள்ள இருந்துச்சு. அவர் படுத்துட்டா ஒரு தம்ளர் தண்ணிக்குள்ள இருக்கும். ம் கொட்டுறியா?

"ம்."

அவர் சம்சாரம் பேரு வீராயி. அவ மாவு பிசைஞ்சு பிழிவா, இவர் எண்ணெயில போட்டு எடுப்பாரு. சொய்ய்ய்ங்! ஒவ்வொரு ஈடு எடுத்ததும் அதுல ஒண்ணைக் கடிச்சுப் பார்ப்பாரு. கடக்! "ம், போகலாம்"பாரு. அப்புறம்தான் அந்த ஈடு டின்னுக்குள்ள போகும். கடக்குன்னு கேக்கலைன்னா அத்தனையும் மாட்டுக்கு. அதனாலதான் சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணம்னாலும் சீர்த்தட்டுக்கு அவர் முறுக்குதான்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில கடிச்சாரு. கடக்! கூடவே இன்னொரு கடக்! கையில துப்பிப் பார்த்தா, மேல்செட்டு நட்டநடுவுல ரெண்டு துண்டு.

"முறுக்கு நல்லா வந்திருக்கு"ன்னா வீராயி.

அவருக்குச் சிரிப்பு வரலை. ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு ஐநூத்தியொரு முறுக்குன்னு ஒத்துக்கிட்டு வெத்தலை பாக்கு வாங்கியாச்சு. கடிக்காம எதை நம்பி அனுப்புறது?

"நான் கடிச்சுப் பார்க்கறேன்."

"நீயா? நமுத்ததும் உனக்கு நல்லாத்தான் இருக்கும். எல்லாம் ஒண்ணு உன் வாய்க்கு."

"அப்படி ஒரு வாய் இல்லேன்னா உங்களோட நாப்பது வருசம் குடும்பம் நடத்த முடியுமா?"

அப்புறம் அவர் பொட்டிக்கடையில ஒரு பசைக்குழாய் வாங்கியாந்தாரு. ஒரு சொட்டு விட்டு அமுக்கினாரு. சப்! பல்லும் ஒட்டுச்சு, கூடவே கட்டைவிரலும் ஒட்டுச்சு. வீராயி வெந்நீர்ல முக்கி முக்கி விரலைப் பிரிச்சா. வாயில மாட்டினா ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு டக்கு டக்குன்னு ஆடுது, ஈறெல்லாம் காந்துது. மதியம் சோத்துல மொத வாய்தான் வச்சாரு. படக்!

"ம்."

அப்புறம் பஞ்சர் கடை இஸ்மாயில்கிட்ட போனாரு. "டியூபே நிக்குது, பல்லு நிக்காதா மாமா?"ன்னான் அவன். சொலுசன் தடவி, உஃப் உஃப்னு ஊதி, இறுக்கிக் கட்டிக் காயவச்சுக் குடுத்தான். வாயெல்லாம் சைக்கிள் கடை வாசனை. சூடா ஒரு வாய் டீ குடிச்சாரு. சளக்! ஒரு துண்டு தம்ளருக்குள்ள.

"காத்து இறங்கிருச்சு மாமா"ன்னான் இஸ்மாயில்.

அப்புறம் புதன்கிழமை கடைவீதி பல் டாக்டர்கிட்ட போனாரு. கண்ணாடிக் கதவு, உள்ள சில்லுனு இருக்கு. டாக்டர் பார்த்துட்டு, "இது பழசுங்க பெரியவரே, புதுசாவே கட்டிக்கலாம்"னு ஒரு தொகை சொன்னாரு. ஆண்டியப்பன் அதை மனசுக்குள்ள முறுக்கா ஆக்கிப் பார்த்தாரு. ரெண்டு மாசம் சுடணும். "யோசிச்சுச் சொல்றேங்க"ன்னு வெளியே வந்து செருப்பை மாட்டினாரு.

அப்போ சீட்டு எழுதுற அம்மா பின்னாடியே வந்துச்சு. "டவுன்ல கவர்மெண்டு பல் ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க ஒட்டித் தருவாங்க. துண்டு ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போங்க. பசை மட்டும் இனிமே போட்டுடாதீங்க"ன்னுச்சு.

"ம்..."

அப்புறம் வியாழக்கிழமை மொத பஸ். ரெண்டு துண்டையும் ஈரத்துணியில சுத்திக் கொண்டு போனாரு. வரிசையில நின்னு நின்னு கால் கடுத்துப்போச்சு. டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. எடுத்து மோந்து பார்த்துச்சு.

"என்ன தாத்தா, ரெண்டு வாசனை வருது?"

"ரெண்டு வைத்தியம் நடந்துச்சு தாயி."

பசையை எல்லாம் சர்க்கு சர்க்குன்னு சுரண்டுச்சு. துண்டு ரெண்டையும் பொருத்திப் பார்த்து அடியில வெள்ளை மாவுக்கட்டு போட்டுச்சு. விரிசலைக் கொஞ்சம் அகலமா ராவிட்டு, ரோஸ் கலர் பொடியில ஏதோ மருந்து ஊத்திக் குழைச்சு ரொப்புச்சு. ஆண்டியப்பனுக்கு வாய் சும்மா இருக்கலை.

"மாவு கொஞ்சம் இளகலா இருக்கே தாயி."

"இது என் அடுப்படி தாத்தா. பேசாம உக்காருங்க."

சாயங்காலம் கிர்ர்ர்னு தேய்ச்சுக் கையில குடுத்துச்சு. ஆடலை, குத்தலை. செலவு, சீட்டுக்காசும் பஸ்காசும்தான். "ஆனா தாத்தா, இதுல சோறு தின்னுங்க, இட்லி தின்னுங்க. முறுக்கைக் கடிச்சா மறுபடியும் உடையும்"னுச்சு. அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாரு.

சனிக்கிழமை அடுப்பு பத்த வச்சாச்சு. மொத ஈடு. சொய்ய்ய்ங்! ஒண்ணை எடுத்து வாய்கிட்ட கொண்டு போனாரு. வீராயி பிழியறதை நிறுத்திட்டுப் பார்த்தா. அவர் அப்படியே நின்னாரு. அப்புறம் முறுக்கை அவ பக்கம் நீட்டினாரு.

"கடி."

"என் வாய்க்குத்தான் எல்லாம் ஒண்ணாச்சே?"

"உன் வாயை யாரு கேட்டா? எனக்குக் காது இருக்கு."

குனிஞ்சு, அவ கன்னத்துகிட்ட காதை வச்சுக்கிட்டாரு.

கடக்!

"ம், போகலாம்."

ரெண்டாவது ஈடு, கடக்! "ம், போகலாம்." மூணாவது ஈடு, சதக்.

"மாட்டுக்கு"ன்னாரு.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு"ன்னா வீராயி, மென்னுகிட்டே.

அப்புறம் ஐநூத்தியொண்ணும் சீர்த்தட்டுல போய் உக்காந்துச்சு. பந்தியில ஆண்டியப்பன் பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டாரு. அன்னையிலேருந்து அந்த வீட்டுல வாய் அவளோடது, காது அவரோடது.

ம் சத்தத்தைக் காணோமே... சரி. முறுக்கு டின்னுக்குள்ள, பல்லு தம்ளருக்குள்ள, கதை காதுக்குள்ள. நீ போர்வைக்குள்ள போ கண்ணு.