ஒற்றை விளக்குத் தலைநகரம்

மன்னர்களும் காற்றாலைகளும் ஒரே ஊரில் குடியிருந்த முன்னொரு காலத்தில், விகடகவி கச்சிராயன் நன்றாகத் தூங்கிவிட்டான். தேர்த்திருவிழாவில் சொல்ல வேண்டிய வேடிக்கைகளை விடிய விடிய ஒத்திகை பார்த்ததன் பலன். கண் விழித்தபோது மன்னர் முதல் மாவரைப்பவர் வரை தலைநகரமே தேர் இழுக்க ஆற்றுக்கு அக்கரை போயிருந்தது. யாராவது வந்து எழுப்புவார்கள் என்று நம்பித்தான் படுத்திருந்தான்.

அன்று முழுவதும் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அவன். ஒத்திகை பார்த்ததையெல்லாம் மின்விசிறியிடம் சொன்னான். அது இப்படியும் அப்படியும் தலையாட்டி, வேண்டாம் வேண்டாம் என்றது.

மறுநாள் சபையில் மந்திரி வச்சிரபாகு எழுந்தார். "பிரபு! நேற்று நிலக்கரி உலையை மூட்டவே இல்லை. காற்றாலை மின்சாரத்திலேயே தலைநகரம் முழுதும் இயங்கியது!"

மன்னர் துள்ளி எழுந்தார். "வெற்றித்தூண் நடுங்கள்! உலையை இடித்துத் தள்ளுங்கள்!"

"பிரபு, நேற்றுத் தலைநகரம் என்பது அடியேன் ஒருவன்தான்" என்றான் கச்சிராயன்.

"பொய்! நீ என் பக்கத்தில்தானே தேர்வடம் பிடித்தாய்?" என்று மந்திரி சீறினார். "நிரூபிக்கட்டும், பிரபு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

போனால் போய்ச் சேரக் கச்சிராயனுக்கு ஒருவரும் இல்லை.

"சரி. தேரன்று இருந்தது போலவே ஊரை வைத்துக் காட்டு" என்றார் மன்னர்.

மறுநாள் மன்னர் தூணுக்கு இடம் பார்க்கக் கோட்டைக்கு வெளியே போனார். வேடிக்கை பார்க்க ஊரும் பின்னால் போனது. பொழுது சாயத் திரும்பினால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மதில்மேல் கச்சிராயன்.

"திறடா!"

"தங்கள் ஆணை, பிரபு. தேரன்று தாங்கள் உள்ளே இல்லையே."

"அரசிக்குப் பசிக்கிறது!"

"தேரன்று அரசியாரும் இங்கே சாப்பிடவில்லை. நிலக்கரி உலை அணைந்திருக்கிறது, என் விளக்கு எரிகிறது, பார்த்தீர்களா? எல்லோரும் வெளியிலேயே குடியிருந்தால் என்றைக்கும் காற்றே போதும்."

"உள்ளே வந்தால்?"

"அதையும் பார்த்துவிடலாம்."

கதவு திறந்தது. வீட்டுக்கு வீடு விளக்கு, விசிறி, மின்அடுப்பு எல்லாம் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கின. விளக்குகள் சிவந்தன, மங்கின, அணைந்தன. இருட்டில் மந்திரி எதிலோ முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. அதை அமுக்கிக்கொண்டு மன்னரின் சிரிப்பு எழுந்தது.

"உலையை மூட்டுங்கள்! வச்சிரபாகு, தூண் கிடக்கட்டும், இன்னும் காற்றாலைகளை நடும். ஊரே விளக்கேற்றும் இந்த நேரத்தையும் அவை தாங்கினால் அப்போது வந்து சொல்லும். கச்சிராயா, என்ன வேண்டுமோ கேள்!"

"ஒரு பதில் போதும், பிரபு. தேரன்று என்னை யாராவது தேடினீர்களா?"

"முன்வண்டியில் இருப்பாய் என்று..." என இழுத்தார் அரண்மனைச் சமையற்காரர்.

"கூட்டம் அப்படியப்பா" என்றார் மந்திரி.

மன்னரின் சிரிப்பு அடங்கியது. "இல்லை, கச்சிராயா. தேடவில்லை. எனக்கு உன் நினைவே வரவில்லை."