உள்ளான்கள் ஒன்றாகத் திரும்புவது எதனால்

பறவைகள் பேசிக்கொண்டும் காற்று அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், உள்ளான்கள் ஆண்டு முழுக்கக் கோடியக்கரைச் சேற்றிலேயே கிடந்தன. பிறந்த இடத்தில் புழு கொத்தித் தின்று, அங்கேயே செத்துப்போகும் சின்னப் பறவைகள். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் தனியாகத்தான் பறக்கும்.

அவற்றில் தாழை என்றொரு பெண் உள்ளானும் சாத்தன் என்ற அவள் புருஷனும் இருந்தார்கள். ஒரு மார்கழியில் வாடைக்காற்று அவர்களிடம் வந்து தன் ஊரைப் பற்றிச் சொன்னது.

"நான் புறப்படுகிற இடத்தில் மலையெல்லாம் வெள்ளை. ஏரித் தண்ணீர் மேல் நடந்தே போகலாம். இருட்டினால் வானத்தில் பச்சை வெளிச்சம் எழுந்து ஆடும், ஈரப் புடவையை உதறுகிற மாதிரி."

அதைக் கேட்டபின் சாத்தனுக்கு வேறு பேச்சே இல்லை. சேற்றில் அலகால் கோடு கிழித்துத் திட்டம் போட்டான்.

"மொத்தம் ஏழு நாள். முதல் நாள் கடலோரமாவே போயிடுவோம். ரெண்டாம் நாள் கோதாவரி. மூணாம் நாள் பனிமலையைத் தாண்டணும். அங்க நீ என் வலப்பக்கமா வா, காத்து உன்மேல படாது. நாலாம் நாள் போய்ச் சேர்ந்துடலாம். அப்புறம் ஏரி, பூவு எல்லாம் பாத்துட்டு, ஏழாம் நாள் அந்த வெளிச்சம்."

"திரும்பி வர்றது?" என்று தாழை கேட்டாள்.

"அதை அங்க போய் யோசிப்போம்."

பங்குனியில் புறப்படுவதாக இருந்தது. மாசியில் ஒரு காலை, வல்லூறு ஒன்று இறங்கிச் சாத்தனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாழை பத்தடி தள்ளி நண்டு கொத்திக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தபோது அவன் நின்ற இடத்தில் கால்தடம் மட்டும் இருந்தது.

பங்குனி பிறந்ததும் சாத்தனின் தம்பி கீரனிடம் போனாள்.

"அண்ணன் போட்ட திட்டம் அப்படியே கிடக்கு தம்பி. நீ கூட வாயேன்."

"அண்ணனே இல்ல, இனிமே எதுக்கு அண்ணி? இங்கேயே புழு கிடக்கு. வடக்கே போய் என்ன பண்ணப் போறோம்?"

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தாழை தனியாகப் புறப்பட்டாள்.

சாத்தன் சொன்ன நாலு நாள் நாற்பது நாளாயிற்று. பனிமலையைத் தாண்டும்போது அவன் சொன்னபடியே வலப்பக்கம் ஒதுங்கிப் பறந்தாள். காற்றை மறிக்க இடப்பக்கத்தில் யாரும் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது வெள்ளை மலைகள் இருந்தன. ஏரிகளில் பனி உருகிக்கொண்டிருந்தது. பாசித் தரையெங்கும் மஞ்சள் பூக்கள். ஆனால் சூரியன் மறையவே இல்லை. வானத்தின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"வெளிச்சம் எங்கே?" என்று வாடையிடம் கேட்டாள்.

"கோடை முடிகிறவரை இங்கே இருட்டே கிடையாது. அப்புறம்தான் அது ஆடும். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்" என்றது வாடை.

தாழை காத்திருந்தாள். முதலில் சாத்தனிடம் பேசுவதுபோல் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தாள். வேறு யாரோ கூப்பிட்டது போலிருந்தது.

கடைசியில் ஒரு நாள் சூரியன் இறங்கிற்று. இருட்டு வந்தது. வானத்தில் பச்சை வெளிச்சம் எழுந்து, மடிப்பு மடிப்பாக விரிந்து ஆடியது.

"ஏங்க, பாருங்க!" என்று தாழை பக்கத்தில் திரும்பினாள்.

வெறும் பாசித் தரை.

அத்தனை நாள் காத்திருந்து கிடைத்த வெளிச்சத்துக்கு அவள் முதுகைக் காட்டினாள். அந்த நேரத்திலேயே எழும்பித் தெற்கே பறந்தாள்.

ஐப்பசி மழையில் கோடியக்கரைக்கு வந்து இறங்கியபோது எலும்பும் இறகுமாக இருந்தாள். கீரனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அந்த வெளிச்சத்தைப் பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பக்கத்துல யாரும் இல்ல தம்பி" என்றாள் தாழை.

கீரன் ஓரடி அவள் பக்கம் வந்து நின்றான். "வர்ற பங்குனிக்கு நான் வர்றேன்" என்றான். அவனே மற்றவர்களிடமும் போய்ச் சொன்னான். தாழையோடு நாற்பது உள்ளான்கள் புறப்பட்டன. கோடை முழுக்கக் காத்திருந்தன.

இருட்டு வந்தது. தாழைதான் முதலில் பார்த்தாள். "பாருங்க!" என்றாள். நாற்பது தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின. அவள் மட்டும் ஒரு கணம் தன் இடப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அவளும் வானத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எந்த உள்ளானும் வடக்கே தனியாகப் போனதில்லை. பங்குனியில் கூட்டமாகப் போய், மழைக்காலத்தில் கூட்டமாக வருகின்றன. கோடியக்கரை வானில் பறக்கும்போது ஒன்று திரும்பினால் அத்தனையும் அதே நொடியில் திரும்புகின்றனவே, அந்தப் பழக்கம் அன்று தொடங்கியதுதான். ஒருத்தி 'பாருங்க' என்று சொன்னால், கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமாம்.