நுனிநாக்கைக் கடித்து நூல் கோப்பது எதனால்

ஆடும் மாடும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிய அந்தக் காலத்தில், மனிதரின் தலைக்குள்ளும் ஆள் நடமாட்டம் இருந்தது. ஆற்றங்கரையில் ஆடு மேய்த்த சிலம்பாயியின் தலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அக்காள் தங்கை இருவர் குடியிருந்தார்கள். இடப்பக்க மூளையில் அக்காள் பேச்சாயி. வலப்பக்கத்தில், உச்சிக்குச் சற்றுப் பின்னால், தங்கை அளவாயி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து.

பேச்சாயிக்கு வாய் ஓயாது. பெயர், கணக்கு, வம்பு, வசவு எல்லாம் அவள் பொறுப்பு. சிலம்பாயியின் நாக்கும் வலது கையும் அவள் சொன்னபடிதான் ஆடும். அளவாயிக்கோ ஒரு சொல்கூட வராது. ஆனால் எது எங்கே இருக்கிறது, எவ்வளவு தள்ளி, எந்தச் சாய்வில் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? சந்து முழுக்க அக்காளின் பேச்சு அடைத்துக்கொண்டு கிடக்கும். தங்கை அனுப்பும் அளவு வழி கிடைக்காமல் திரும்பி வந்துவிடும். அதனால் சிலம்பாயி வாசல்படியில் கால் இடித்துக்கொள்ளாத நாளே இல்லை. "இந்தப் படியை எவன் இங்க கொண்டாந்து வெச்சான்?" என்று அதற்கும் பேச்சாயிதான் திட்டுவாள்.

ஒரு நாள் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்தது. சிலம்பாயி ஆசை ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டி, துள்ளிய துள்ளலில் ஆற்று நடுவே ஒரு பாறையில் போய் நின்றிருந்தது.

"அக்கா, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு!" என்று கத்தியது.

சிலம்பாயி கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டினாள். மறுமுனையில் பெரிய வளையமாக முடிச்சுப் போட்டாள்.

"பயப்படாத கண்ணு! பத்து முழந்தான் இருக்கும். அக்கா வீசறேன், முன்னங்காலு ரெண்டையும் வளையத்துல உட்டுக்க. நான் வீசி எது தப்பியிருக்கு?"

பேசிக்கொண்டே வீசினாள். கயிறு பாறைக்கு இப்புறமே விழுந்தது.

"அக்கா, வயிறு நனையுதுக்கா!"

"காத்து தள்ளிருச்சு கண்ணு. பன்னெண்டு முழம்னு வெச்சுக்கலாம். இல்ல, பதினாலு..."

இந்த முறை கயிறு குட்டியின் தலைக்கு மேலாகப் பறந்து அப்பால் போய் விழுந்தது.

"நான் இங்க இருக்கேன்கா, அங்க இல்ல!"

அளவாயி பதறிப்போனாள். அந்தக் குட்டிமேல் அவளுக்கும் கொள்ளை ஆசை. முழக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் கை எவ்வளவு வளைந்து, எப்போது விட்டால் கயிறு குட்டியிடம் போய்ச் சேரும் என்று தெரியும். சொல்லத்தான் வாய் இல்லை. தண்ணீர் குட்டியின் கழுத்தைத் தொட்டுவிட்டது. பேச்சாயி இன்னும் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அளவாயிக்குக் கட்டுப்பட்டது இடது கை ஒன்றுதான். பிறந்ததிலிருந்து அக்காளை எதிர்த்து அவள் எதுவும் செய்ததில்லை. அன்று செய்தாள். சும்மா தொங்கிய இடது கையை விருட்டென்று தூக்கி, சிலம்பாயியின் மோவாயைக் கீழிருந்து ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

டக்! மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நுனிநாக்கைக் கவ்விக்கொண்டன.

பேச்சாயிக்கு அடுத்த சொல் வரவில்லை. சந்து காலியானது. தங்கை கண்ட அளவு ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. முதன்முறையாக அதைப் பார்த்த பேச்சாயி அசந்துபோனாள். வலது கை அளவாக வளைந்தது. கயிறு பறந்துபோய்க் குட்டியின் மூக்கருகே விழுந்தது. குட்டி அவசர அவசரமாகக் கால்களை நுழைத்துக்கொள்ள, சிலம்பாயி இழுத்துக் கரையில் போட்டாள்.

குட்டி உடம்பை உதறிவிட்டு, "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்லக்கா?" என்றது.

சிலம்பாயி நாக்கைத் தடவிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், குட்டியைக் கட்டிக்கொண்டாள்.

பேச்சாயி பற்களைக் கூப்பிட்டாள். "தங்கச்சிக்கு வேலை வர்றப்ப நாக்கைப் புடிச்சுக்குங்கப்பா. நானாச் சும்மா இருக்க மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா!" என்றாள். பற்களும் சரி என்றன.

ஊசியில் நூல் கோக்கிறவர்களும், கோடு போடும் பிள்ளைகளும், குறுகலான தெருவில் லாரியைப் பின்னுக்கு எடுக்கிற டிரைவரும் நுனிநாக்கைக் கடித்துக்கொள்வது அன்று முதல்தான். அப்போது போய் யாரும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே அளவாயி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.